பழைய ஹோம் கம்ப்யூட்டரில் கீபோர்டு வேலை செய்யவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் ரேடியோ, டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். இந்தப் பக்கம் புளியரை, தென்காசி, கடையநல்லூர். எண்பதுகளில் இரண்டு பக்கத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது டேப் ரெக்கார்டர், அத்தர், டார்ச் லைட்டோடு பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். டிவியில் மாட்டி ஓட்டுகிற கம்ப்யூட்டர்கள் அவை. இப்போது அந்தப் பிள்ளைகளுக்கே ஐம்பது வயது. வீட்டை இடித்துக் கட்டும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ அவை பரணிலிருந்து இறங்கி என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "ஆன் ஆகுது, திரை வருது, கீபோர்டு மட்டும் வேலை செய்யல." அவர்கள் கேட்ட கேள்விகளும், நான் பார்த்துத் தெரிந்துகொண்டவையும் கீழே.

எந்தெந்த கம்ப்யூட்டர்களுக்கு இது பொருந்தும்?

முக்கியமாக சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982-இல் வந்த ரப்பர் கீ மாடலும், 1984-இல் வந்த பிளாஸ்டிக் கீ வைத்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸும். பிளஸ் மாடலை 1986-இல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் இந்தியாவிலேயே உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்று விற்றது. அதுவும் உள்ளே அதே சமாச்சாரம்தான். அடுத்தது 1982-இன் காமடோர் 64. அப்புறம் 1983-இல் அறிமுகமான, பல கம்பெனிகள் ஒரே தரத்தில் செய்து விற்ற எம்எஸ்எக்ஸ் வகை. இதில் குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் 'சக்ர்' என்ற பெயரில் அரபு நாடுகளுக்காக விற்றவை கல்ஃப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. கடைசியாக பிபிசி மைக்ரோ. வீடுகளில் அது அபூர்வம். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கப்பட்ட கம்ப்யூட்டர் அதுதான்.

இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினோம். உடனே ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். தயவு செய்து வேண்டாம். கீபோர்டு போன கம்ப்யூட்டரைக் காப்பாற்றிவிடலாம். தப்பான கரண்ட் கொடுத்துப் போர்டையே எரித்துவிட்டு வந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி வேண்டும். ஆனால் அதன் பின்னில் நடுவில் இருப்பது மைனஸ், வெளி வளையம் பிளஸ். இன்று கடையில் வாங்குகிற அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர், நடுவில் பிளஸ். பின் அளவு சரியாகப் பொருந்துகிறது என்று நம்பி, வைஃபை பெட்டியின் அடாப்டரைச் செருகிப் போர்டைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். மல்டிமீட்டரை வைத்து எது பிளஸ், எது மைனஸ் என்று பார்க்காமல் செருகக் கூடாது.

காமடோர் 64-க்கு அதனோடு வந்த கறுப்புச் செங்கல் மாதிரியான அடாப்டர்தான் எமன். அதிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வயதாகிக் கெடும்போது 5 வோல்ட் மெல்ல ஏறிவிடும். ஏறினால் முதலில் மெமரி சிப்கள் போகும். மீட்டரில் 5.25-க்கு மேல் காட்டினால் அந்த அடாப்டரை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பிபிசி மைக்ரோவில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, 240 வோல்ட் நேராக அதற்குள் வருகிறது. அதிலுள்ள பழைய காகித ஃபில்டர் கண்டென்சர்கள் ஈரம் இழுத்து வெடிப்பு விட்டிருக்கும். ஆன் செய்த சில நிமிடங்களில் அவை புகையைக் கக்கி வீட்டையே நாறடிக்கும். அதை மாற்றிய பிறகே பிளக்கில் மாட்டலாம். இதை மட்டும் தெரிந்த ஆளிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று: பெட்டியை மெல்லக் குலுக்கிப் பாருங்கள். பல்லி முட்டை, எறும்புப் புற்று மண், கரப்பான் எச்சம், உருண்டோடும் துருப்பிடித்த ஸ்குரூ என்று எல்லாவற்றையும் உள்ளே பார்த்திருக்கிறேன். குலுக்கினால் சத்தம் வந்தால் முதலில் திறக்க வேண்டும்.

ஒரு கீ கூட வேலை செய்யவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

வெளியே இருந்து ஆரம்பியுங்கள். ஜாய்ஸ்டிக், கேட்ரிட்ஜ், டேப் ஒயர், பின்னால் செருகியிருக்கிற எதுவானாலும் உருவிவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் டிவியில் மாட்டி ஆன் செய்யுங்கள். காமடோரில் ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக் போர்ட்டும் கீபோர்டும் ஒரே ஒயரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஜாய்ஸ்டிக்கின் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் கீபோர்டு கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். உருவினாலே சரியாகிவிட்டவை உண்டு.

அடுத்து, ஒரே ஒரு கீ அழுங்கியபடி நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஸ்பெக்ட்ரமில் ஷிப்ட் அல்லாத இரண்டு கீகள் ஒன்றாக அழுத்தப்பட்டிருந்தால் அதன் ரோம் (உள்ளே நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரல்) இரண்டையுமே ஏற்காது. ஒரு கீ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், நீங்கள் எதை அழுத்தினாலும் அது இரண்டாவது கீ ஆகிவிடுகிறது. அப்போது மொத்தக் கீபோர்டும் செத்தது போலத் தோன்றும். ஆன் செய்ததும் யாரும் தொடாமலே ஒரு சொல்லும் அதன் பின்னால் ஒரே எழுத்தும் வரிசையாக ஓடினால் இதுதான் விஷயம். சாரல் காலத்தில், கீகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கீபோர்டுத் தாளுக்குள் ஈரம் இறங்கினால் இப்படி வரும்.

மூன்றாவது, ஸ்பெக்ட்ரமில் கீபோர்டை விநாடிக்கு 50 முறை ஒரு இன்டரப்ட் சிக்னல் வந்து படிக்கச் செய்கிறது. யுஎல்ஏ என்ற பெரிய சிப்பிலிருந்து அந்த சிக்னல் வராவிட்டால் திரையில் 1982 என்று ஆண்டு போட்ட தொடக்க வரி அழகாக வந்து நிற்கும், ஆனால் எந்தக் கீயும் வேலை செய்யாது. இது அபூர்வம். மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சந்தேகப்பட வேண்டியது.

சில கீகள் மட்டும் வேலை செய்கின்றன, சில செய்யவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஏனென்றால் பழுது எங்கே என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. நாம்தான் எழுதிப் பார்ப்பதில்லை.

ஸ்பெக்ட்ரமில் 40 கீகள். 40 கீக்கும் 40 ஒயர் போகவில்லை. மொத்தம் 13 கோடுகள்தான்: ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 5. கீபோர்டுத் தாளிலிருந்து இரண்டு வால்கள் இறங்கிப் போர்டில் செருகுகின்றன. அகலமான வாலில் 8 கோடு, ஒடுக்கமான வாலில் 5 கோடு. எட்டில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சந்திக்கிற இடம்தான் ஒரு கீ.

இப்போது ஒரு தாளை எடுத்து நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் நடுவில் ஒரு கோட்டால் பிரியுங்கள், இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. ஒவ்வொரு கீயாக அழுத்தி, வேலை செய்யாததைக் கறுப்பாக்குங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் ஐந்து கட்டம் கறுத்தால், உதாரணமாக 1 முதல் 5 வரை செத்திருந்தால், எட்டுக் கோட்டு வாலில் ஒரு கோடு போயிற்று என்று அர்த்தம்.

எட்டு கட்டம் கறுத்து, அவை மேலிருந்து கீழாக இரண்டு தூண் போல, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நின்றால், ஐந்து கோட்டு வாலில் ஒன்று போயிற்று. ஓரங்கள் இரண்டும், அதாவது ஒரு பக்கம் 1, கியூ, ஏ, கேப்ஸ் ஷிப்ட், மறுபக்கம் 0, பி (P), என்டர், ஸ்பேஸ் செத்தால் அது முதல் கோடு. நடுவில் ஒட்டி நிற்கிற 5, 6, டி (T), ஒய், ஜி, எச், வி, பி (B) செத்தால் அது ஐந்தாவது கோடு.

தாறுமாறாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுத்தால் வால் நன்றாக இருக்கிறது. தாளுக்குள் அந்தந்தக் கீயின் இடத்தில் அழுக்கோ ஈரமோ.

புளியரையிலிருந்து ஒரு பெரியவர் தன் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பெக்ட்ரமோடு வந்தார். போனில் நான் சொல்லியிருந்தபடி காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, கறுப்புப் பேனாவால் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். நடுவில் இரண்டு தூண், வேறு எங்கும் ஒரு புள்ளி இல்லை. பெட்டியைத் திறக்கும் முன்பே அவரிடம் சொன்னேன், "ஒடுக்கமான வாலில் ஓரத்துக் கோடு அறுந்திருக்கு அண்ணாச்சி." திறந்து, டியூப் லைட்டுக்கு எதிரே வாலைச் சாய்த்துப் பிடித்தோம். சாக்கெட்டுக்குள் நுழைகிற இடத்துக்குச் சற்று மேலே, தலைமுடி கனத்தில் ஒரு வெட்டு, சரியாக அந்த ஒரு கோட்டின் மேல். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வால் ஏன் இப்படி உடைகிறது?

அது மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மின்கடத்தும் மசியால் அச்சிட்ட கோடு. நாற்பது வருடத்தில் பிளாஸ்டிக் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். ஓட்டு வீட்டுப் பரணில் சித்திரை வெயிலில் கொதித்து, ஆனியில் சாரல் காற்றில் நனைந்தால் சொல்லவே வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற அந்த ஈரக்காற்று குற்றாலத்துக்கு அழகுதான், இந்தத் தாள்களுக்கு ஆகாது. வால் சாக்கெட்டில் நுழையும் இடத்தில் வளைந்து நிற்பதால் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

நானே திறக்கலாமா?

ஸ்பெக்ட்ரம் என்றால் தாராளமாக. ரப்பர் கீ மாடலில் அடியில் ஐந்து ஸ்குரூ. கழற்றியதும் மேல்மூடியைச் சட்டென்று தூக்கிவிடாதீர்கள், வால்கள் குட்டையாக இருக்கும்; வேகமாகத் தூக்கினால் நல்லதாக இருந்த வாலும் கிழியும். ஒரு பக்கமாகப் புத்தகம் திறப்பது போலச் சாய்த்து, வாலைச் சாக்கெட்டிலிருந்து நேர் மேலாக உருவுங்கள். பிடிக்கும்போது நகத்தால் அல்ல, விரல் சதையால்.

தாளை எடுக்க வேண்டுமானால் முன்பக்கத்துக் கறுப்புத் தகட்டைக் கழற்ற வேண்டும். அது இருபக்க ஒட்டு டேப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல. அலுமினியத் தகடு, அவசரப்பட்டால் மடங்கிவிடும், மடங்கிய தடம் போகவே போகாது. அதன் கீழே ரப்பர் விரிப்பு, அதற்கும் கீழே தாள்.

உடைந்த வாலை ஒட்ட முடியுமா?

ஒட்ட முடியாது, சால்டரிங் பிடிக்காது, பிளாஸ்டிக் உருகிவிடும். ஆனால் உடைப்பு நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வழி உண்டு. நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டரை கூரான கத்தரிக்கோலால் நேராக வெட்டிவிட்டு மறுபடி செருகுங்கள். வெட்டு கோணலாகப் போனால் ஒரு ஓரம் சாக்கெட்டில் சரியாக உட்காராது. புளியரைப் பெரியவருடையதை அப்படித்தான் செய்தேன். தூண் இரண்டும் உயிர் பெற்றன.

இது நிரந்தரமல்ல. வால் ஏற்கெனவே குட்டை. ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வெட்டலாம். நுனி உடைந்தது என்றால் மீதியும் அதே மாதிரி காய்ந்துதான் இருக்கும். புதிய தாள் வரும்வரை கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்க இது உதவும், அவ்வளவுதான்.

தாள் போனதா, போர்டு போனதா என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு வாலையும் உருவிவிட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். சிறிய ஒயர் துண்டின் ஒரு முனையை 8 ஓட்டை சாக்கெட்டின் ஒரு ஓட்டையிலும் மறுமுனையை 5 ஓட்டை சாக்கெட்டின் ஒரு ஓட்டையிலும் தொட்டு எடுங்கள். நடுவில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் சேர்த்துக்கொண்டால் கைக்கு தைரியமாக இருக்கும். திரையில் ஏதாவது வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, தாள்தான் போயிற்று. முன்பு செத்துக் கிடந்த கோடுகளை எல்லாம் இப்படித் தொட்டுப் பாருங்கள். ஒயரின் நுனி சாக்கெட்டைத் தவிர வேறெங்கும் பட்டுவிடாமல் கை நிதானமாக இருக்க வேண்டும்.

தொட்டும் அதே ஐந்து கீ வரவில்லை என்றால் எட்டுக் கோட்டிலும் ஒவ்வொன்றாக இருக்கிற சின்ன டயோடுகளைப் பாருங்கள், டி1 முதல் டி8 வரை. அந்த எட்டுக் கோடும் பிராசஸரின் அட்ரஸ் கோடுகளிலிருந்து வருபவை. அட்ரஸ் கோடே போயிருந்தால் கம்ப்யூட்டர் எழுந்தே இருக்காது. எனவே திரை வந்து ஒரு அரை வரிசை மட்டும் செத்தால் டயோடு, சாக்கெட், சால்டரிங் விட்டுப்போன இடம் ஆகிய மூன்றில் ஒன்று. டயோடை மீட்டரில் வைத்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது.

தூண் இரண்டு செத்திருந்தால் ஐந்து கோட்டிலும் உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். அவையும் நன்றாக இருந்தால் யுஎல்ஏ சிப்பின் அந்தக் கால் போயிருக்கலாம். இன்று யுஎல்ஏவுக்குப் பதிலாகப் போடும் புதிய சிப்களைச் செய்து விற்கிறார்கள், ஆனால் விலை கூடுதல். அதனால்தான் மற்றதை எல்லாம் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு எழுத்தை அழுத்தினால் முழுச் சொல் வருகிறது. கீபோர்டு குழம்பிவிட்டதா?

இல்லை. ஸ்பெக்ட்ரமின் இயல்பே அது. வரியின் தொடக்கத்தில் பி-யை (P) அழுத்தினால் 'பிரிண்ட்' என்ற கட்டளை முழுதாக வரும். கட்டளைச் சொல்லை எழுத்தெழுத்தாக அடிக்கத் தேவையில்லை. இதைப் பழுது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு. அவர்கள் கம்ப்யூட்டர் முழு ஆரோக்கியமாக இருந்தது.

எல்லாக் கீயும் வேலை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் மட்டும் இல்லை. ஏன்?

இரண்டு காரணம். விளையாட்டின் தொடக்கத்தில் 'கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்' என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அந்த ஜாய்ஸ்டிக் பெட்டி பின்னால் இல்லாவிட்டால் விளையாட்டு எல்லாத் திசையும் ஒன்றாக அழுத்தப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். கீபோர்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, ஸ்பெக்ட்ரமின் பிந்தைய போர்டுகளில் கீபோர்டைப் படிக்கும்போது கூடவே வருகிற ஒரு பிட் முந்தைய போர்டுகளிலிருந்து மாறியது. ஆரம்ப காலத்து விளையாட்டுகள் சில அதைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்டவை. அவை பிந்தைய போர்டில் கீயை மதிக்காது. அதைப் பழுது பார்க்க ஒன்றும் இல்லை.

காமடோர் 64-இல் கீபோர்டு சுத்தமாக வேலை செய்யவில்லை. சிப் போய்விட்டதா?

கர்சரைப் பாருங்கள். அது சிமிட்டுகிறதா? காமடோரில் கர்சரைச் சிமிட்ட வைப்பதும் கீபோர்டைப் படிப்பதும் 6526 என்ற சிஐஏ சிப்தான். போர்டில் இந்தச் சிப் இரண்டு உண்டு, கீபோர்டுக்கானது யு1. கர்சர் சிமிட்டாமல் அப்படியே நின்றால் முதல் சந்தேகம் யு1 மேல். சிமிட்டுகிறது, ஆனால் கீ இல்லை என்றால் சிப்பின் பாதி உயிரோடு இருக்கிறது, போர்ட் கால்கள் போயிருக்கலாம். அல்லது கீபோர்டிலிருந்து வரும் 20 முனை இணைப்பு சரியாக உட்காரவில்லை. முதலில் அதை உருவி மறுபடி மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

சிப் சாக்கெட்டில் இருந்தால் நல்ல காலம். யு1-ஐயும் யு2-ஐயும் இடம் மாற்றிப் போடுங்கள், இரண்டும் ஒரே சிப். கீபோர்டு பிழைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது. நேரடியாகப் போர்டில் சால்டர் செய்திருந்தால் அனுபவமில்லாமல் கழற்ற வேண்டாம், தடம் பெயர்ந்துவிடும்.

இதிலும் 8-க்கு 8 என்று கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. கட்டம் போட்டுப் பார்க்கும் முறை இங்கேயும் செல்லும். ரெஸ்டோர் கீ மட்டும் இந்தக் கட்டத்துக்குள் வராது, அதற்குத் தனி ஒயர். ஒயர் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்வதானால் இணைப்பின் முதல் நான்கு முனைகளின் பக்கம் போகாதீர்கள். அதில் கிரவுண்டும் 5 வோல்ட்டும் இருக்கின்றன.

ஒரு பழக்கம் சொல்கிறேன். ஜாய்ஸ்டிக் முனைகள் நேராக இந்தச் சிப்புக்குப் போகின்றன. பாலியெஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு, ஆன் நிலையில் ஜாய்ஸ்டிக்கைச் செருகும்போது தாவுகிற ஒரு பொறி போதும் சிப்பைக் கொல்ல. செருகுவதும் உருவுவதும் ஆஃப் செய்த பிறகே.

காமடோரில் கீயை ஓங்கி அழுத்தினால்தான் எழுத்து வருகிறது.

டிவி ரிமோட்டில் வருகிற அதே கோளாறுதான். ஒவ்வொரு கீயின் அடியிலும் கரி கலந்த ரப்பர் மொட்டு இருக்கிறது. அது கீழே போர்டில் தொடும் இடத்தில் நாள்பட்ட எண்ணெய்ப் பசை படிந்திருக்கும். கீபோர்டின் பின்பக்கம் இருபதுக்கு மேல் பொடி ஸ்குரூக்கள். கிண்ணத்தில் போட்டு வையுங்கள். ஷிப்ட் லாக்கின் இரண்டு ஒயரை சால்டரிங் அயர்னால் விடுவித்தால் போர்டு தனியே வரும். போர்டையும் மொட்டுகளையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மொட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது, கரி உரிந்து வரும். ஒரு வெள்ளைத் தாளில் மெல்ல இழுத்தால் சாம்பல் கோடு விழும், அது போதும்.

எதைக் கொண்டு சுத்தம் செய்யலாம்?

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் மட்டும். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். கொரோனா காலத்து சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று அதைப் போடாதீர்கள். கையைக் காக்க அதில் கிளிசரின் சேர்த்திருக்கிறார்கள், அது பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். தின்னர், பெட்ரோல் வேண்டாம், எழுத்தும் மசியும் கரைந்து போகும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கீ இளகும் என்று மலைக்கு இரண்டு பக்கமும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பூட்டுக்குச் சரி. கீபோர்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி ஒரு மாதத்தில் பிசின் ஆகிவிடும், எறும்பும் வரும். ரப்பர் விரிப்பையும் பிளாஸ்டிக் கீத்தொப்பிகளையும் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். நிழலில் காயவையுங்கள்.

அரபி எழுத்து உள்ள எம்எஸ்எக்ஸ். கீ அழுத்தினால் 'டிக்' சத்தம் வருகிறது, வேறு ஒன்றும் இல்லை.

சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். அந்த 'டிக்', கீயின் சத்தம் அல்ல. கம்ப்யூட்டர் கீயைப் படித்த பிறகு தானே போடுகிற ஒலி. அப்படியென்றால் கீபோர்டு நன்றாக இருக்கிறது. திரையையோ நீங்கள் இருக்கும் நிரலையோ பாருங்கள். அரபி முறைக்கு மாறியிருந்தால் அரபி எழுத்துதான் விழும், அதுவும் பழுதல்ல.

சத்தமே இல்லை, கீயும் இல்லை என்றால் 8255 சிப். எம்எஸ்எக்ஸில் கீபோர்டு வரிசையைத் தேர்ந்தெடுப்பது, கீயைப் படிப்பது, கேப்ஸ் விளக்கு, அந்த 'டிக்' ஒலி எல்லாம் இதன் வேலை. நம் ஊரில் இந்தச் சிப்புக்குப் பஞ்சமில்லை. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் மைக்ரோபிராசஸர் லேபில் படிப்பது இதைத்தான். சில வகைகளில் 8255 தனியாக இல்லாமல் வேறு பெரிய சிப்புக்குள் அடங்கியிருக்கும். அதற்கு இந்த வழி இல்லை.

பிபிசி மைக்ரோவில்?

பிரேக் கீயை அழுத்திப் பாருங்கள். அது மற்றக் கீகளைப் போல் வரிசையாகப் படிக்கப்படுவதில்லை, நேராக ரீசெட்டுக்குப் போகிறது. பிரேக் வேலை செய்து மற்றவை செய்யாவிட்டால் கீபோர்டிலிருந்து தாய்ப்போர்டுக்குப் போகும் நாடா ஒயரையும், அது போகிற 6522 சிப்பையும் பாருங்கள். ஒன்றிரண்டு கீ மட்டும் என்றால் அந்த சுவிட்சையே மாற்றலாம். ஒவ்வொன்றும் தனி சுவிட்ச் என்பதால் இந்தக் கீபோர்டுதான் நான்கிலும் உறுதியானது.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

டயோடு என்றால் 1என்4148, எந்த ரேடியோ பார்ட்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்கு. ஐசி சாக்கெட், 8255, 74 வரிசைச் சிப்கள் சென்னை ரிச்சி தெருவில். ஸ்பெக்ட்ரம் தாள்களை வெளிநாட்டில் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள், தபாலில் வரவழைக்க வேண்டும். வாங்கும்போது ரப்பர் கீ மாடலா பிளஸ் மாடலா என்று சரியாகச் சொல்லுங்கள். பிளஸ்ஸில் 58 கீ, அடுக்குகளும் அதிகம், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பிளஸ்ஸில் டெலீட் கீ வேலை செய்யாமல் கேப்ஸ் ஷிப்டோடு 0 அழுத்தினால் அழிகிறது என்றால், அது தாளின் பழுதுதான். ஏனென்றால் அந்த டெலீட் கீ செய்வது அந்த இரண்டு கீயையும் ஒன்றாக அழுத்துவதை மட்டுமே.

இவ்வளவு சிரமம் எதற்கு, வேறு கீபோர்டை மாட்டிவிடலாமே?

சோதித்துப் பார்க்க மாட்டலாம், அதற்கான சின்னப் போர்டுகள் இருக்கின்றன. ஆனால் அசலைத் தூக்கி எறியாதீர்கள். மஸ்கட்டிலோ ஷார்ஜாவிலோ ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து, மிச்சம் பிடித்த காசில் வாங்கிய பொருள் அது. அந்த ரப்பர் கீயைத்தான் பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள்.

சரி செய்த பிறகு மறுபடி போகாமல் எப்படி வைப்பது?

பரணில் வேண்டாம். அடுப்படிச் சுவரிலும் வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, கீயின் மேல் எந்தக் கனமும் இல்லாமல் வையுங்கள். கம்ப்யூட்டரை பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வைப்பது மேல். சாரல் தொடங்கும் முன், வைகாசிக் கடைசியில், பொட்டலங்களை மாற்றுங்கள். ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடிக்கும் முன் இன்னொரு தடவை. மாற்றும்போதே ஒரு அரை மணி நேரம் கம்ப்யூட்டரை ஓட்டி, 40 கீயையும் வரிசையாக ஒரு முறை அழுத்திப் பாருங்கள். புளியரைப் பெரியவர் இப்போது அப்படித்தான் செய்கிறார். கட்டம் போட்ட அந்தக் காலண்டர் தாளையும் டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.